மின் வழங்கியின் கட்டளை இலக்கணம்

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

முன்னுரை

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நுழையும் மாணவன் முதன்முதலில் தொடும் கருவிகளுள் ஒன்று மின் வழங்கி. முதலாண்டில் ஓம் விதியைச் சரிபார்க்கும்போது குமிழை மெல்லத் திருகுகிறோம்; மானியின் முள் நகர்வதைப் பார்க்கிறோம்; அளவைப் பதிவேட்டில் குறிக்கிறோம். கையும் கண்ணும் ஒருவருடையவையாதலால், முள் எல்லை கடந்தால் கை தானாகவே பின்வாங்கி விடுகிறது.

கணிப்பொறியைக் கொண்டு இதே ஆய்வைச் செய்யும்போது குமிழைத் திருகக் கையில்லை. முள்ளைப் பார்க்கக் கண்ணில்லை. எழுதி அனுப்பப்படும் சில சொற்களே அங்கே கையாகவும் கண்ணாகவும் நிற்கின்றன. அச்சொற்களுக்கு ஓர் இலக்கணம் உண்டு. அதனைச் சக மாணவர்களுக்கு எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அந்த இலக்கணத்தில் ஒரு புள்ளியைக் கவனியாததால் எங்கள் குழு இழந்தது என்ன என்பதையும் இடையே கூறுவேன்.

கருவிக்குக் கட்டளைகளை ரோமன் எழுத்தில்தான் அனுப்ப வேண்டும். படிப்பதற்கு எளிதாக, இங்கு அவற்றை ஒலிப்புக்கேற்பத் தமிழ் எழுத்தில் தந்துள்ளேன்.

இரு எல்லைகள்

கட்டளைகளைக் காணுமுன் மின் வழங்கி எவ்வாறு இயங்குகிறது என்பதை நினைவுபடுத்திக் கொள்வோம். ஆய்வுக்கூட மின் வழங்கிக்கு நாம் இரண்டு அளவுகளைத் தருகிறோம். ஒன்று மின்னழுத்தம், மற்றது மின்னோட்டம். இவ்விரண்டையும் எல்லைகள் என்று கொள்வதே சரி. எந்த எல்லை முதலில் எட்டப்படுகிறதோ, அதுவே ஆட்சி செய்யும்.

எடுத்துக்காட்டாக, 5 வோல்ட், 0.02 ஆம்பியர் என அமைத்து 1000 ஓம் மின்தடையை இணைப்போம். 5 மில்லி ஆம்பியரே ஓடும். மின்னழுத்தம் 5 வோல்ட்டாக நிற்கும். இது மாறா மின்னழுத்த நிலை. மின்தடையை 100 ஓம் ஆக்கினால், 5 வோல்ட்டில் 50 மில்லி ஆம்பியர் ஓட வேண்டும். ஆனால் எல்லை 20 மில்லி ஆம்பியர். ஆகவே கருவி தன் மின்னழுத்தத்தை 2 வோல்ட்டுக்குத் தாழ்த்திக் கொள்ளும். இது மாறா மின்னோட்ட நிலை. இவ்விரு நிலைகளின் எல்லைக்கோடு 5-ஐ 0.02-ஆல் வகுத்தால் வரும் 250 ஓம் ஆகும். மின்னோட்ட எல்லை என்பது இணைக்கப்பட்ட பொருளின் உயிர்க்காவல் என்பதை இங்கேயே மனத்தில் இருத்திக் கொள்வோமாக.

பொது மொழி பிறந்த வரலாறு

1960-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனம் தன் அளவைக் கருவிகளைக் கணிப்பொறியுடன் இணைக்க ஒரு கம்பித் தொகுப்பை வடிவமைத்தது. 1975-இல் அது ஐ.ஈ.ஈ.ஈ. 488 என்னும் பொதுத் தரமாக ஏற்கப்பட்டது. 16 சமிக்ஞைக் கம்பிகள். அவற்றுள் 8 செய்தியைச் சுமப்பவை, 3 கைகோத்து நடத்துபவை, 5 மேலாண்மைக்கு உரியவை. ஒரே தொடரில் 15 கருவிகள் வரை இணைக்கலாம். கம்பியின் மொத்த நீளம் 20 மீட்டரைத் தாண்டக்கூடாது.

ஆனால் அத்தரம் எழுத்துகள் எவ்வாறு பயணம் செய்ய வேண்டும் என்பதை மட்டுமே கூறியது. எழுத்துகளின் பொருளைக் கூறவில்லை. தபால் வண்டி ஓடியது. கடிதத்தின் மொழியோ ஊருக்கு ஊர் வேறாக இருந்தது. ஒரே 5 வோல்ட்டை அமைக்க ஒவ்வொரு நிறுவனத்தின் கருவிக்கும் ஒவ்வொரு குறியீடு தேவைப்பட்டது. கருவியை மாற்றினால் நிரலையும் மாற்றி எழுத வேண்டியதாயிற்று.

1987-இல் வெளியான 488.2 தரம் செய்தியின் வடிவையும், எல்லாக் கருவிகளுக்கும் உரிய சில பொதுக் கட்டளைகளையும் வகுத்தது. 1990-இல் பல நிறுவனங்கள் ஒன்றுகூடி ‘ஸ்கிப்பி’ எனச் சுருக்கமாக அழைக்கப்படும் கட்டளை மொழியை வெளியிட்டன. ‘நிரலிடத்தக்க கருவிகளுக்கான பொதுக் கட்டளைகள்’ என்பது அப்பெயரின் பொருள். அதன் கடைசிப் பதிப்பு 1999-ஆம் ஆண்டினது. இன்று பழைய கம்பித் தொகுப்பின் இடத்தை யு.எஸ்.பி.யும் ஈதர்நெட்டும் பெருமளவு பிடித்துக் கொண்டன. எனினும் அவற்றின் வழியே செல்லும் சொற்கள் அதே சொற்களே.

ஏவலும் வினாவும்

நம் மொழியில் வாக்கியங்கள் பல வகைப்படும். ஸ்கிப்பியில் இரண்டே வகை: ஏவல், வினா. எழுவாய் எப்போதும் தோன்றா எழுவாய், கருவியே அது.

வோல்டேஜ் 5

என்பது ஏவல். மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாக அமை என்பது இதன் பொருள். சொல்லுக்கும் எண்ணுக்கும் இடையே ஓர் இடைவெளி கட்டாயம். ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகள் வந்தால் அவற்றைக் காற்புள்ளியால் பிரிக்க வேண்டும்.

வோல்டேஜ்?

என்பது வினா. தலைப்புச் சொல்லோடு கேள்விக்குறியைச் சேர்த்தால் ஏவல் வினாவாகிவிடும். வினா எழுப்பியவர் விடையைப் பெற்றுக்கொண்டே அடுத்த செய்தியை அனுப்ப வேண்டும். விடையை வாங்காமல் வேறொன்றை அனுப்பினால் -410 என்னும் பிழையும், வினா எழுப்பாமலே விடையை எதிர்பார்த்தால் -420 என்னும் பிழையும் பதிவாகும்.

நட்சத்திரக் குறியுடன் தொடங்குபவை 488.2 வகுத்த பொதுக் கட்டளைகள். ‘*ஐ.டி.என்.?’ என்பது ‘நீ யார்?’ என்னும் வினா. தயாரித்த நிறுவனம், மாதிரி எண், வரிசை எண், உள்நிரலின் பதிப்பு ஆகிய நான்கையும் காற்புள்ளியிட்டுக் கருவி விடையாகத் தரும். ‘*ஆர்.எஸ்.டி.’ என்பது கருவியைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவரும். ‘*சி.எல்.எஸ்.’ பழைய பிழைப் பதிவுகளைத் துடைக்கும். ‘*ஓ.பி.சி.?’ என்னும் வினாவுக்கு, கையில் உள்ள வேலை முடிந்ததும் 1 என்னும் விடை வரும்.

முகவரி முறை

கருவியின் கட்டளைகள் ஒரு மரத்தின் கிளைகளைப் போல அமைந்துள்ளன. கிளையிலிருந்து கிளைக்குச் செல்வதை முக்காற்புள்ளி காட்டுகிறது.

மெஷர்:கரண்ட்?

என்றால், அளத்தல் என்னும் கிளையில் மின்னோட்டம் என்னும் சிறு கிளைக்குச் சென்று கேட்கிறோம். மாவட்டம், வட்டம், ஊர் என்று முகவரி எழுதுவதைப் போன்றதே இது. தெரிந்த ஊருக்கு எழுதும்போது மாவட்டத்தை விட்டுவிடுகிறோம் அல்லவா? இங்கும் சில சொற்களை விடலாம். மின்னழுத்தத்தை அமைக்கும் கட்டளையின் முழு வடிவம் இது:

சோர்ஸ்:வோல்டேஜ்:லெவல்:இமீடியட்:ஆம்ப்ளிட்யூட் 5

இதில் ‘வோல்டேஜ்’ நீங்கலாக மற்றவை விருப்பச் சொற்கள். கையேட்டில் அவற்றைச் சதுர அடைப்புக்குள் அச்சிட்டிருப்பார்கள். ‘வோல்டேஜ் 5’ என்றாலே போதும்.

சொற்களைக் குறுக்குவதற்கும் விதியுண்டு. ரோமன் எழுத்தில் முதல் நான்கு எழுத்துகளே குறுக்கம். ‘வோல்டேஜ்’ என்பதற்கு வி, ஓ, எல், டி. நான்காம் எழுத்து உயிரெழுத்தாக வந்தால் அதையும் நீக்கி மூன்றோடு நிறுத்த வேண்டும். ‘பவர்’ என்பதற்கு பி, ஓ, டபிள்யூ. முழுச் சொல் அல்லது குறுக்கம், இரண்டில் ஒன்றையே எழுதலாம். இடைப்பட்ட நீளத்தைக் கருவி ஏற்காது. பெரிய எழுத்தா, சிறிய எழுத்தா என்னும் வேறுபாடு இல்லை.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு இல்லாததால் அலகுகளில் ஒரு சிக்கல் எழுகிறது. ‘எம்’ என்னும் முன்னொட்டு மில்லியா, மெகாவா? பொதுவாக மில்லி என்றே கொள்ளப்படும். ஹெர்ட்ஸ், ஓம் ஆகிய அலகுகளின் முன் மட்டும் மெகா. இக்குழப்பத்தைத் தவிர்க்க அலகின்றி 0.02 என்றோ, அடுக்குக்குறி வடிவில் 2ஈ-2 என்றோ எழுதுவது நலம்.

அரைப்புள்ளி செய்த வேலை

இனி எங்கள் அனுபவத்துக்கு வருகிறேன். ஒளி உமிழ் டையோடுகளைக் கொண்டு பிளாங்க் மாறிலியைக் காண்பது எங்கள் குழுவின் செயல்திட்டம். டையோடு ஒளிரத் தொடங்கும் மின்னழுத்தத்தையும் அதன் ஒளியின் அலைநீளத்தையும் அறிந்தால் மாறிலியைக் கணக்கிடலாம். சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என நான்கு டையோடுகளுக்கும் நிறமாலைமானியில் கீற்றணியை வைத்து இரண்டு நாட்கள் அலைநீளம் அளந்து முடித்திருந்தோம். மின்னழுத்த அளவீடுகள் மட்டுமே எஞ்சியிருந்தன. மின் வழங்கியைக் கணிப்பொறியுடன் இணைத்து, முதலில் சிவப்பு டையோடு ஒளிர்கிறதா எனப் பார்க்க இவ்விரு வரிகளை அனுப்பினேன்:

வோல்டேஜ்:லெவல் 5;கரண்ட் 0.02
அவுட்புட் ஆன்

20 மில்லி ஆம்பியர் எல்லை இருக்கிறதே என்ற துணிவில் தொடர் மின்தடை எதையும் இணைக்கவில்லை. டையோடு ஒருகணம் பளிச்சிட்டது, பிறகு ஒளிரவேயில்லை. இன்னொரு சிவப்பு டையோடு கடையில் கிடைக்கும். ஆனால் அதன் அலைநீளம் நாங்கள் அளந்ததாக இராது. சிவப்பு டையோடுக்கான அளவீடுகள் அனைத்தும் அக்கணமே பயனற்றுப் போயின.

“ஐயா, எல்லையைச் சரியாகத்தான் எழுதினேன்” என்று பேராசிரியரிடம் முறையிட்டேன். அவர் திரையில் இருந்த வரியைப் பார்த்தார். “நீ சொன்னது இருக்கட்டும் தம்பி. அது கேட்டுக்கொண்டதா என்று கேட்டாயா?” என்றார். பிறகு விசைப்பலகையை என் பக்கம் நகர்த்தி, “சிஸ்டம்:எர்ரர்? என்று அனுப்பிப் பார்” என்றார். விடை வந்தது: -113. ‘வரையறுக்கப்படாத தலைப்பு’ என்பது அதன் பொருள்.

நடந்தது இதுதான். ஒரே வரியில் இரு கட்டளைகளை எழுத அரைப்புள்ளி பயன்படுகிறது. ஆனால் அரைப்புள்ளிக்குப் பின் வரும் தலைப்பு மரத்தின் வேரிலிருந்து படிக்கப்படுவதில்லை. முன் தலைப்பின் கடைசிச் சொல்லை மட்டும் நீக்கி, எஞ்சிய பாதையிலிருந்தே படிக்கப்படும். ‘காந்தி தெருவில் 5-ஆம் எண் வீட்டுக்கு ஒரு கடிதம், 7-ஆம் எண் வீட்டுக்கு ஒன்று’ என்றால் தபால்காரர் இரண்டாவதையும் காந்தி தெருவிலேயே தேடுவார் அன்றோ? ‘வோல்டேஜ்:லெவல்’ என்பதில் ‘லெவல்’ நீங்க, ‘வோல்டேஜ்’ தெருவிலேயே கருவி நின்றது. அங்கே ‘கரண்ட்’ என்னும் வீட்டைத் தேடியது. அப்படியொரு வீடு இல்லை. பிழையைத் தன் ஏட்டில் குறித்துக்கொண்டு வாளாவிருந்தது. அடுத்த வரியோ பிழையற்றது. ஆகவே மின்சாரத்தைத் திறந்துவிட்டது. சற்று முன் அனுப்பிய ‘*ஆர்.எஸ்.டி.’ மின்னோட்ட எல்லையை அக்கருவியின் உச்ச அளவான 1 ஆம்பியருக்குக் கொண்டு சென்றிருந்தது. அதுவே நிலைத்திருந்தது.

திருத்தம் மிகச் சிறியது. அரைப்புள்ளியை அடுத்து ஒரு முக்காற்புள்ளி இட்டால் கருவி மீண்டும் வேருக்குத் திரும்பும்:

வோல்டேஜ்:லெவல் 5;:கரண்ட் 0.02

தேவையற்ற ‘லெவல்’ என்னும் சொல்லை நான் விட்டிருந்தாலும் பிழை நேர்ந்திராது. அப்போது பாதை வேரிலேயே இருந்திருக்கும். புதிய வரியைத் தொடங்கினாலும் வேரிலிருந்தே படிக்கப்படும். ஆகவே தொடக்கநிலையில் உள்ளவர்கள் வரிக்கு ஒரு கட்டளை எழுதுவதே பாதுகாப்பானது. நட்சத்திரக் கட்டளைகள் மட்டும் இப்பாதையைக் கலைப்பதில்லை.

பிழை ஏடு

கருவி ஏன் கூச்சலிடவில்லை என்று நண்பர்கள் கேட்கலாம். கேட்டாலன்றிக் கருவி பொதுவாக விடை கூறாது என்பதே இம்மொழியின் அடிப்படை. பிழைகள் வரிசையாகச் சேமிக்கப்படும். ‘சிஸ்டம்:எர்ரர்?’ என ஒவ்வொரு முறை கேட்கும்போதும் முதலில் நேர்ந்த பிழை முதலில் வெளிவரும். ஏடு காலியானால் 0 என்னும் விடை வரும். 0 வரும்வரை கேட்க வேண்டும். ஒருமுறை கேட்டு நிறுத்துதல் கூடாது.

பிழை எண்ணின் நூறாம் இடத்தைப் பார்த்தே அதன் வகையை அறியலாம். -100 வரிசை, கட்டளையைப் படிப்பதில் நேர்ந்த பிழை. -200 வரிசை, படித்தும் நிறைவேற்ற முடியாத பிழை. தரக்கூடிய அளவுக்கு மேல் கேட்டால் -222. -300 வரிசை, கருவியினுள்ளே நேர்ந்த பிழை. -400 வரிசை, வினா விடையில் நேர்ந்த பிழை. இந்நான்கு வகைகளுக்கும் நிகழ்வுப் பதிவகம் ஒன்றில் முறையே 32, 16, 8, 4 என்னும் மதிப்புகள் உண்டு. ‘*ஈ.எஸ்.ஆர்.?’ என்னும் வினாவுக்கு 48 என்று விடை வந்தால், 32-உம் 16-உம் சேர்ந்தது எனப் பிரித்து, முதல் இரு வகைப் பிழைகளும் நேர்ந்துள்ளன என அறியலாம்.

அமைத்த அளவும் அளந்த அளவும்

‘வோல்டேஜ்?’ என்பதும் ‘மெஷர்:வோல்டேஜ்?’ என்பதும் ஒன்றல்ல. முன்னது, ‘நான் உனக்கு என்ன சொல்லியிருந்தேன்?’ என்று கேட்கிறது. பின்னது, ‘உன் முனைகளில் இப்போது என்ன இருக்கிறது?’ என்று கேட்கிறது. 20 மில்லி ஆம்பியர் எல்லை சரியாக அமைந்திருந்தால், சிவப்பு டையோடு முன்னதற்கு 5 என்னும் விடையையும், பின்னதற்கு ஏறத்தாழ 2 என்னும் விடையையும் தந்திருக்கும். முன்னதை ஆய்வின் அளவீடாகப் பதிவேட்டில் எழுதுவோர் தம் விருப்பத்தையே முடிவாக எழுதுகின்றனர்.

இவ்வாறெல்லாம் கற்றபின், மீதமிருந்த டையோடுகளுக்கு நாங்கள் கைக்கொண்ட வரிசை வருமாறு:

1. *ஐ.டி.என்.? (சரியான கருவியோடுதான் பேசுகிறோமா?)
2. *ஆர்.எஸ்.டி.
3. *சி.எல்.எஸ்.
4. வோல்டேஜ் 0
5. கரண்ட் 0.02
6. கரண்ட்? (விடை 0.02 தானா?)
7. சிஸ்டம்:எர்ரர்? (விடை 0 தானா?)
8. அவுட்புட் ஆன்
9. வோல்டேஜ் 0.1 எனத் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துதல். ஒவ்வொரு படியிலும் சிறிது பொறுத்து மெஷர்:வோல்டேஜ்?, மெஷர்:கரண்ட்?
10. அவுட்புட் ஆஃப்
11. சிஸ்டம்:எர்ரர்?

ஆறாம், ஏழாம் வரிகளுக்குச் சரியான விடை வராவிட்டால் எட்டாம் வரிக்குச் செல்லாதபடி நிரலை எழுதினோம். இத்தனைக்கும் மேலாகத் தொடர் மின்தடை ஒன்றையும் இணைத்தோம். 5 வோல்ட்டில் 2 வோல்ட்டை டையோடு எடுத்துக்கொள்ள, எஞ்சிய 3 வோல்ட்டை 0.02-ஆல் வகுக்க வருவது 150 ஓம். மின் வழங்கியின் வெளியீட்டிலுள்ள மின்தேக்கி, எல்லைக் காவல் விழிக்குமுன்னரே தன் மின்னூட்டத்தைக் கொட்டிவிடக் கூடும். அதனைத் தடுக்கவும் இம்மின்தடை உதவும். மின்தடையைச் சேர்த்தபின் டையோடின் மின்னழுத்தத்தை அதன் முனைகளிலேயே தனி வோல்ட்மானியால் அளக்க வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

இன்னுமொரு செய்தி. கணிப்பொறி இடையில் நின்றுபோனால் மின் வழங்கியும் நின்றுவிடும் என எண்ண வேண்டா. கடைசியாகக் கேட்ட கட்டளையை அது காத்துக்கொண்டேயிருக்கும். ஆகவே நிரல் ஓடும்போது ஒருவர் கருவியின் அருகில் இருத்தல் நன்று.

ஒரே பெட்டியில் பல வெளியீடுகள் உள்ள மின் வழங்கிகளும் உண்டு. ஈ3631ஏ என்னும் மாதிரி 6 வோல்ட், கூட்டல் 25 வோல்ட், கழித்தல் 25 வோல்ட் என மூன்று வெளியீடுகளைக் கொண்டது. அத்தகையவற்றில் ‘இன்ஸ்ட்ருமென்ட்:செலக்ட்’ என்னும் கட்டளையால் வெளியீட்டை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்வை மறந்தால், சரியான கட்டளை தவறான முனைக்குச் சென்றுவிடும். பிழை ஏட்டில் எதுவும் பதிவாகாது. எனவே பிழை ஏட்டில் 0 வந்தது என்பதாலேயே எல்லாம் சரி என்றும் ஆகாது. அளந்து பார்ப்பதே முடிவான சான்று.

முடிவுரை

எங்கள் குழு புதிய சிவப்பு டையோடு ஒன்றை வாங்கி, நிறமாலைமானியை மீண்டும் ஒழுங்குசெய்து, அதன் அலைநீளத்தை முதலிலிருந்து அளந்தது. செயல்திட்டம் நான்கு நாட்கள் தாமதமாயிற்று. எரிந்துபோன டையோடு இன்றும் என் பதிவேட்டின் அட்டையில் ஒட்டப்பட்டிருக்கிறது.

குமிழைத் திருகிய காலத்தில் சொல்வதும் பார்ப்பதும் ஒரே செயலாக இருந்தன. கட்டளை மொழியில் அவை பிரிந்துவிட்டன. சொல்வது ஏவலால், பார்ப்பது வினாவால். ஏவலை மட்டும் கற்றவன் பாதி இலக்கணமே கற்றவன். நம் துறையின் கருவிகள் ஒவ்வொன்றாகக் கணிப்பொறியோடு இணைக்கப்பட்டு வரும் இந்நாளில், அடுத்து வரும் மாணவ நண்பர்கள் மின்சாரத்தைத் திறந்துவிடும் கட்டளைக்கு முன்னால் ஒரு வினாவையேனும் எழுதிப் பழகுவார்களாயின், எங்கள் சிவப்பு டையோடு வீணில் எரியவில்லை என்று மகிழ்வேன்.